காசு உன்னோடது, கழுகு சதாமோடது

ஏமாறுறதுன்னு முடிவு பண்ணிட்டா பேராண்டி, அதைத் திருத்தமாச் செய்யணும். அரைகுறையா ஏமாந்தா ஊரு சிரிக்கும். முழுசா ஏமாந்தா பெரிய சேகரிப்பாளருன்னு சொல்லி நாற்காலி எடுத்துப் போடும். நீ ரெண்டாவது வழியில போறதாக் கேள்விப்பட்டுத்தான் கூப்பிட்டு விட்டேன். சம்பளத்துல பாதியைக் கொடுத்து ஈராக் பட்டாளத்துச் சட்டை ஒண்ணும், தோள்பட்டை நாலும், கழுகு போட்ட தொப்பி வில்லை ஒண்ணும் வரவழைச்சிருக்கியாமே, ஒங்க ஆத்தா சொன்னா. அவ அழுதுக்கிட்டுச் சொன்னா, நான் பெருமையாக் கேட்டுக்கிட்டேன். இந்த அந்தமான் பாம்பூஃப்ளாட்டுல போட்டு வாங்கினவன் இருக்கான், மனை வாங்கினவன் இருக்கான், மாமியா வீட்டுக்கு வாஷிங் மெஷின் வாங்கிக் கொடுத்தவன்கூட இருக்கான். சதாம் உசேன் காவல்படையோட சட்டையை வாங்கினவன் நம்ம வம்சத்துலதான் பொறந்திருக்கான்.

காட்டு பாப்போம். அடேங்கப்பா! கழுகுக்குக் கீழ நாலு நட்சத்திரம்! என்ன பதவிடா இது? ஜெனரல்னு எழுதியிருந்தானா? பாவம், அந்தத் தையக்காரன்கிட்ட நூலு மிஞ்சியிருக்கும். ஈராக் பட்டாளத்துப் பதவிக் கணக்கு ஒண்ணும் வேதம் இல்ல, நம்ம பட்டாளத்துக் கணக்குத்தான். ரெண்டு நட்சத்திரம் லெப்டினன்ட், மூணு கேப்டன். அடுத்த படியில நட்சத்திரத்தை எல்லாம் கழட்டிட்டு ஒத்தைக் கழுகு வைப்பாக, அவுக மேஜரு. கழுகோட ஒரு நட்சத்திரம் சேந்தா லெப்டினன்ட் கர்னல், ரெண்டு சேந்தா கர்னல், மூணு சேந்தா பிரிகேடியர். அத்தோட வாள் இல்லாத கணக்கு முடிஞ்சது. அதுக்கும் மேல ஏறணும்னா குறுக்கு வாள் வேணும். ஒன் தோள்பட்டையில வாளைக் காணோம், நட்சத்திரம் மட்டும் கொட்டிக் கெடக்கு. இதைப் போட்டுக்கிட்டு ஒருத்தன் பாக்தாத் தெருவுல நடந்திருந்தா, சல்யூட் அடிக்கிறதா சோறு போடுறதான்னு சிப்பாய்க்குக் குழப்பம் வந்திருக்கும்.

நம்ம கணக்கும் அவுக கணக்கும் எப்படி ஒண்ணாச்சுன்னு கேளேன். கேக்க மாட்ட, போன்ல விலையைத்தான் கேப்ப. நானே சொல்றேன். ரெண்டு பேருக்கும் அளவெடுத்தது லண்டன் தையக்காரன். ஈராக் பட்டாளம் 1921 ஜனவரி 6ல தொடங்கிச்சு, வெள்ளக்காரன் வளத்த பட்டாளம். அங்க ஃபைசல்னு ஒரு ராசாவை உக்கார வெச்சாக. ராசா இருந்த வரைக்கும் மேஜர் தோள்ல கிரீடம். 1958 ஜூலை 14ல ராச குடும்பத்தையே சுட்டுப்புட்டு குடியரசுன்னாக. கிரீடம் போச்சு. அப்புறமா அந்த எடத்துல உக்காந்ததுதான் சலாவுதீன் கழுகு. நம்மளும் அதே சோலியைச் சத்தமில்லாமச் செஞ்சவுகதான். 1950 ஜனவரி 26ல கிரீடத்தை எறக்கிட்டு அசோகர் சிங்கத்தை ஏத்தினோம், வெள்ளக்காரன் நட்சத்திரத்தைத் தூக்கிட்டு அஞ்சு முனை நட்சத்திரம் வெச்சோம். ஆக, கிரீடம் போட்ட ஈராக் வில்லை ஒன் கைக்கு வந்தா அது 58க்கு முந்தினது, வெலையும் அதிகம். அதைக் கழுகு வெலைக்கு ஒருத்தன் கொடுத்தான்னா அவன் ஒனக்கு உறவுக்காரனா இருக்கணும், இல்லேன்னா அது போன வாரம் அடிச்சதா இருக்கணும்.

தோள்ல கொடி ஒட்டியிருக்கா? அதைக் கொண்டா. இதுதான்டா வருசம் சொல்ற மணி. ஈராக் கொடியில செவப்பு, வெள்ளை, கறுப்பு. நடுவுல மூணு பச்ச நட்சத்திரம். 1963லேர்ந்து அப்படித்தான். 1991 ஜனவரியில, குவைத் சண்டைக்கு அமெரிக்காக்காரன் கெளம்பி வந்த நேரத்துல, நட்சத்திரத்துக்கு நடுவுல 'அல்லாஹு அக்பர்'னு எழுதச் சொன்னாரு சதாம். அது அவரு கையெழுத்தேன்னு சொல்லுவாக. 2004ல அந்தக் கையெழுத்தை மாத்தி, கட்டம் கட்டமா நிக்கிற கூஃபி எழுத்துல போட்டாக. 2008ல நட்சத்திரம் மூணையும் எடுத்துட்டாக. எழுத்து கூஃபியா இருந்து, நட்சத்திரமும் இல்லேன்னா அது சதாம் தூக்குல தொங்கினதுக்கு அப்புறம் தைச்சது. இப்ப ஒன் சட்டையைப் பாரு. மார்ல சதாம் காவல்படை, தோள்ல 2008ல வந்த கொடி. செத்தவுகளுக்குச் சட்டை தைச்சுக் கொடுத்திருக்கான், புண்ணியவான்.

கோவிச்சுக்காத. இந்தச் செவப்பு முக்கோணத்துக்கு வருவோம். குடியரசுக் காவல்படைக்குச் செவப்பு முக்கோணந்தான் அடையாளம், அது நெசம். ஹம்முராபி, நெபுகத்நேசர், மதீனா, தவக்கல்னான்னு டிவிஷனுக்குப் பேரு வெச்சிருந்தாக, பாதி பேரு பாபிலோன் ராசாமாரு பேரு. ஆனா ஒண்ணைக் கவனிச்சியா? அந்த நாட்டுப் பட்டாளத்துல லாரி ஓட்டினவன் இருந்திருப்பான், சப்பாத்தி போட்டவன் இருந்திருப்பான், கக்கூஸ் கழுவினவனும் இருந்திருப்பான். விக்கிற எடத்துல பாத்தா ஒருத்தனையும் காணோம். பூரா காவல்படை! முக்கோணம் இல்லாத வெறுஞ்சட்டைதான் நெசமாவே ஈராக்குலேர்ந்து வந்ததா இருக்கும், அதுக்கு வெலை இல்ல. விக்கிறவன் அதுல முக்கோணத்தைத் தைக்கிறான், வெலை வந்துருது. சட்டை அசல், முக்கோணம் நகலி. இந்த மாதிரி கலப்புதான் கண்டுபுடிக்கச் சிரமம்.

சட்டை எங்கேருந்துடா இவ்வளவு வந்துச்சு? 1991ல குவைத் பாலைவனத்துல சரணடைஞ்ச கூட்டத்துக்கிட்டேருந்து கொஞ்சம். மிச்சம் 2003ல. அந்த வருசம் மே 23ஆம் தேதி, பால் பிரெமருன்னு ஒரு அமெரிக்கத் துரை ஒரே உத்தரவுல ஈராக் பட்டாளத்தையே கலைச்சாரு. ஏறக்குறைய நாலு லட்சம் ஆளு ஒரே நாள்ல சம்பளம் இல்லாதவன் ஆனான். சம்பளம் நின்னவன் சட்டையை வெச்சு என்ன பண்ணுவான்? அதைக் கொண்டுபோய் வித்தான். அமெரிக்கச் சிப்பாயும் ஊருக்குப் போறப்ப ஞாபகத்துக்கு ஒண்ணுன்னு பையில போட்டுக்கிட்டான். சதாம் மகன் உதய் 1995ல ஆரம்பிச்ச ஃபிதாயீன் படைக்குக் கறுப்பு உடுப்பு, தலையில சினிமா வில்லன் மாதிரி ஒரு கறுப்பு ஹெல்மெட். எல்லாரும் அதைத்தான் தேடுனாக. தேட ஆளு இருந்தா செய்ய ஆளு வந்துருவான்ல.

சரி, இனிமே வாங்குறதா இருந்தா நாலு வேலை செய். செய்யாட்டியும் பரவாயில்ல, விக்கிறவனுக்கும் குடும்பம் இருக்கு.

ஓரத்துலேருந்து ஒரு நூலை உருவி நெருப்புல காட்டு. பருத்தின்னா காகிதம் எரியிற வாசத்தோட சாம்பலாகும். பாலியஸ்டருன்னா உருகி, கறுப்பு மணியாக் கட்டிக்கும். வெள்ளக்காரன் காலத்து வில்லைன்னு சொல்லி விக்கிறதுல உருகுற நூல் வந்தா, அந்த வெள்ளக்காரனுக்கு நம்ம சூரத்துல சம்பந்தம் இருந்திருக்கும். கடையில கள்ள நோட்டுப் பாக்க ஊதா லைட்டு வெச்சிருப்பான் பாரு, அதுக்கடியில காட்டு. இப்பத்திய வெள்ளை நூலும், இப்பத்திய சோப்புத்தூள்ல தொவச்ச துணியும் பளீர்னு நீலமா எரியும். ரெண்டாம் உலகப்போருக்கு முந்தின துணி சும்மா மங்கிக் கெடக்கும். பித்தளை வில்லைன்னா பின்பக்கம் திருப்பு. அச்சுல அடிச்சதுன்னா விளிம்பு கூர்மையா நிக்கும், இறகுக்கு இறகு தெரியும். அசலைப் பாத்து மண்ணுல வார்த்ததுன்னா பொடிப் பொடியாக் குழி இருக்கும், கழுகு கோழியாட்டம் தெரியும். தோள்பட்டையைப் பிரிச்சுப் பாரு. அடியில துணி நெறம் மாறாம இருக்கணும், சுத்தி வெயில்ல வெளுத்திருக்கணும். பத்து வருசம் வெயில்ல நின்னவன் சட்டையில அந்த நிழல் விழாம இருக்காது. ஒன்னோடதுல நிழலே இல்ல. பொட்டியிலேயே பொறந்து பொட்டியிலேயே வளந்த வீரன்!

சரிகை வில்லைன்னா இன்னும் கவனம். ஒலகத்துல பாதிப் பட்டாளத்துக்குச் சரிகை வேலை பண்றது நம்ம காசியும் பாகிஸ்தான் சியால்கோட்டுந்தான். எந்த நாட்டுக் கழுகு வேணுமோ, படத்தைக் காட்டினா போதும். அது குத்தமில்ல, அவுக தொழில் அது. அதை 'போர்க்களத்துல எடுத்தது'ன்னு சொல்றான் பாரு, அந்த வாய்தான் நகலி.

இதெல்லாம் ஈராக்கு. கடல் கடந்து, கண்ணால பாக்காத மனுசன் போட்ட சட்டை. ஒன் வீட்டு வாசல்ல என்ன கெடக்குன்னு பாத்தியா நீ? ஃபெர்ரியில சாத்தத்துக்குப் போறப்ப எல்லாம் போனைப் பாத்துக்கிட்டே போற. ஒன் முன்னால மூணு படையும் நிக்குது. 2001ல நம்ம நாட்டுலேயே மொத மொதல்ல மூணு படையையும் ஒரே தலைமைக்குக் கீழ கொண்டாந்தது இந்த அந்தமான்லதான். ராணுவம், கடற்படை, விமானப்படை, கோஸ்ட் கார்டு எல்லாம் ஒரே போட்டுல பயணம். எந்த மியூசியத்துல டிக்கட் போட்டு இதைக் காட்டுவான்? போன மாசம் ஃபெர்ரியில பக்கத்துல உக்காந்தவரைப் பத்தி நீ என்கிட்ட 'அவரு வெறும் கேப்டன்தான தாத்தா'ன்ன. கடற்படைக் கேப்டன்டா அவரு! தோள்ல நாலு பட்டை. ராணுவத்துல கர்னலுக்குச் சமம். ராணுவக் கேப்டன் மூணு நட்சத்திரத்தோட அவருக்குச் சல்யூட் வைக்கணும். ஈராக் தோள்பட்டையை விழுந்து விழுந்து வாங்குறவனுக்கு, பக்கத்து சீட்டுல உக்காந்தவரு தோள் புரியல. அதுவும் மாறிக்கிட்டே இருக்கு பாரு. 2022ல கடற்படைக் கொடியிலேருந்து சிலுவை போச்சு. 2023 கடைசியில அட்மிரல் தோள்பட்டையே மாறி, சிவாஜி முத்திரையைப் பாத்து எட்டுப்பட்டை வந்துச்சு. பழைய அட்மிரல் தோள்பட்டை இனிமே சேகரிக்கிறவனுக்குச் சரக்கு.

மாறுறதுல இந்தத் தீவை மிஞ்ச ஊரு கெடையாது. இங்க மொத வில்லை தோள்ல தொங்கல, கழுத்துல தொங்கிச்சு. வெள்ளக்காரன் காலத்துல கைதிக்குக் கழுத்துல மரத்துண்டு. அதுல நம்பரு, தண்டனைப் பிரிவு, தண்டனை போட்ட தேதி, விடுதலைத் தேதி. சாவர்க்கர் வில்லையில விடுதலை வருசம் 1960. அதைக் கழுத்துல மாட்டுறப்ப மனுசனுக்கு வயசு முப்பதுகூட ஆகல. அப்புறம் அதே கைதியில கொஞ்சம் வாட்டசாட்டமான ஆளாப் பாத்து பெட்டி ஆபீசர், ஜமேதார்னு ஆக்கி, மத்த கைதிய அடிக்கச் சொன்னாக. அவனுக்கு வேற உடுப்பு, வேற பட்டை. நேத்து வரைக்கும் கூட உக்காந்து தேங்காமட்டை அடிச்சவன், பட்டை கட்டின மறுநாளே கம்பை எடுத்தான். செல்லுலார் ஜெயிலுக்கு ஞாயித்துக்கிழமை போறவன் எல்லாம் செல்ஃபி எடுத்துட்டு வர்றான். நீ போனா அந்தக் கழுத்துச் சீட்டுக்கு முன்னால கொஞ்ச நேரம் நில்லு.

அப்புறம் ஜப்பான் காலம். 1942 மார்ச் 23ல எறங்கினாக. இன்னைக்கும் ஒருத்தன் பூர்வீகத்தை இங்க 'ப்ரீ-ஃபார்ட்டி டூ'வான்னுதான கேக்குறாக, சர்க்காரு சர்டிபிகேட்டுலயே அந்த வருசந்தான். தொப்பியில நட்சத்திரம் இருந்தா ஜப்பான் ராணுவம், நங்கூரம் இருந்தா கடற்படை. அவ்வளவுதான் பாடம். காலர்ல செவப்புத் துணியில மஞ்ச நட்சத்திரம் ஒண்ணு, ரெண்டு, மூணுன்னா அவன் சாதா சிப்பாய். இந்தத் தீவுல கை ஓங்கி இருந்தது நங்கூரக்காரன். அதனால 'அந்தமான்ல எடுத்த ஜப்பான் தொப்பி'ன்னு எவனாவது நட்சத்திரத்தைக் காட்டினா, இருக்கலாம், ராணுவமும் இருந்துச்சு. ஆனா ரெண்டு கேள்வி சேத்துக் கேளு.

1943 டிசம்பர் 29ல நேதாஜி வந்தாக. மறுநாள் ஜிம்கானா மைதானத்துல மூவர்ணக் கொடி. அவுக படைக்கு அடையாளம் பாயும் புலி. காக்கி அதே பழைய காக்கிதான், பாதிப்பேரு வெள்ளக்காரன் கொடுத்த சட்டையில வெள்ளக்காரன் வில்லையைப் பிச்சுட்டு வேற தைச்சுக்கிட்டவுக. மறு வருசம் பிப்ரவரியில கமிஷனரா ஒருத்தரை அனுப்பினாக, ஏ.டி.லோகநாதன். நம்ம தமிழரு. வெள்ளக்காரன் பட்டாளத்துல டாக்டரா இருந்த மனுசன். பதவி பெரிசு, கையில அதிகாரம் கம்மி. பள்ளிக்கூடத்தைப் பாத்துக்கங்கன்னு விட்டுட்டு, மத்ததை நங்கூரக்காரன் கையிலேயே வெச்சுக்கிட்டான். அவரு வர்றதுக்குக் கொஞ்சம் முந்தி, ஜனவரி 30ல, ஹம்ஃபிரிகஞ்சுல ஒற்றருன்னு சொல்லி 44 பேரைச் சுட்டுத் தள்ளியிருந்தான். தோள்ல எந்த வில்லை இருந்தாலும் தோட்டா யாரு கையில இருக்குன்னு பாக்கணும்டா. இதை விக்கிறவன் எழுத மாட்டான்.

1945 அக்டோபர்ல அதே ஜிம்கானா மைதானத்துல ஜப்பான் வைஸ் அட்மிரல் ஹாரா, பிரிகேடியர் சாலமன்ஸ்கிட்ட சரணடைஞ்சாரு. ஏறக்குறைய மூன்றரை வருசத்துல ஒரே மைதானத்துல கிரீடம், நங்கூரம், புலி, மறுபடி கிரீடம். அஞ்சு வருசத்துல சிங்கம். ஈராக்குக்கு முப்பது வருசத்துக்கு மேல தேவைப்பட்டதை நாங்க அரைக்கால் சட்டை கிழியிறதுக்குள்ள பாத்துட்டோம்.

ஆமா, ஈராக்கு ஈராக்குங்கிறியே, அங்கேருந்தே அசல் சரக்கு நம்ம ஊருல இருக்கு தெரியுமா? மொத உலகப்போருல மெசபடோமியான்னு சொன்னது அந்த ஊரைத்தான். இந்தியாவுலேருந்து அஞ்சு லட்சத்துக்கு மேல ஆளு அங்க போனாக. மெட்ராஸ் சாப்பர்ஸ் போனாக, பாலம் கட்ட, பள்ளம் தோண்ட. சுமை தூக்கவும் ரோடு போடவும் கூலிப்படையும் போச்சு. திரும்பி வந்தவுகளுக்கு மெடல் கொடுத்தாக. அதோட விளிம்பைத் திருப்பிப் பாத்தா நம்பரு, பேரு, படைப்பேரு பொறிச்சிருக்கும். அதுலயும் ஒரு சூது. துப்பாக்கி தூக்கினவனுக்கு வெள்ளி, மூட்டை தூக்கின கூலிப்படைக்கு வெண்கலம். ராசா படம் ஒண்ணுதான், உலோகந்தான் சாதி பாத்துச்சு. வெள்ளி மெடல்ல பாதி கல்யாணத்துக்கும் மஞ்ச நீராட்டுக்கும் உருகிப்போச்சு, வெண்கலம் யாருக்கும் வேணாம்னு டிரங்குப் பொட்டியடியில தப்பிச்சுக் கெடக்கு. ரெண்டாம் போருலயும் நம்மாளுக அங்க போனாக. ஈராக்கு, பாரசீகம் ரெண்டையும் காவல் காத்த அந்தப் படைக்குத் தோள்ல யானைத் தலை. ஒட்டகம் நடக்குற ஊருல யானை! ஒங்க அம்மாச்சி ஊருல பொட்டியடியைத் தேடினா, நீ டாலர் கொடுத்து வாங்கினதைவிடப் பெரிய ஈராக் சரக்கு, பேரோட, சாட்சியோட கெடைக்கும். ஆனா அதுக்குப் பாட்டிமாரோட பேசணும். போன்ல பொத்தானை அமுக்குறதை விடக் கஷ்டம், அது எனக்குத் தெரியும். சென்னைக்குப் போனா செயின்ட் ஜார்ஜ் கோட்டை மியூசியத்துலயும் உடுப்பு, மெடல் எல்லாம் இருக்கு, அசல் எப்படி இருக்கும்னு கண்ணுக்காவது பழக்கம் ஆகும்.

கெடச்சா புளி போட்டு வெளக்கிப்புடாத! ஒங்க ஆத்தா கையில சிக்குச்சுன்னா நூறு வருசக் களிம்பு அஞ்சு நிமிசத்துல போயிரும், அதோட வெலையும் போயிரும். நம்ம ஊரு உப்புக்காத்துக்கும் மழைக்கும் துணி பூசணம் புடிக்கும். பிளாஸ்டிக் கவர்ல கட்டி வைக்காத, உள்ள வேர்த்துரும். பழைய பருத்தி வேட்டியில சுத்தி, காத்தாட வை, மாசம் ஒருக்கா எடுத்துப் பாரு.

ஜப்பான்காரன் பங்கருக்குள்ள பூந்து தோண்டுறேன்னு கெளம்பாத. மண்ணுக்கடியில கெடச்சது பத்து ரூவாய்க்கு மேல பெறுமானம்னா கலெக்டருக்குச் சொல்லணும்னு 1878லேயே சட்டம் போட்டு வெச்சிருக்கான். பத்து ரூவா! இன்னைக்கு டீயே அதுக்கு மேல. நூறு வருசம் தாண்டினதை வெளிநாட்டுக்காரனுக்கு விக்கலாம்னு கனவும் காணாத, 1972 சட்டத்துல அது தொல்பொருள்.

கடைசியா ஒண்ணு. இந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டு நிச்சயதார்த்தத்துல நிக்கப் போறதாக் கேள்வி. நம்ம நாட்டுப் பட்டாளத்து உடுப்பைப் போட்டு சிப்பாய்னு நம்ப வெச்சா நியாய சம்ஹிதா 168ஆம் பிரிவுல மூணு மாசம் வரைக்கும் உள்ள, இல்ல ரெண்டாயிரம் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். 2022ல வந்த ராணுவத்தோட புது உடுப்புத் துணி டிசைனையே பதிவு பண்ணி வெச்சிருக்காக. ஆனா ஒன்னோடது ஈராக் சட்டை, அந்தப் பிரிவு ஒன்னைத் தொடாது. தைரியமாப் போடு. பொண்ணோட தாய்மாமன் கோஸ்ட் கார்டுல இருவத்திரெண்டு வருசம் இருந்தவரு. மொத வரிசையிலதான் உக்காருவாரு. பக்கத்துல கூப்பிட்டு, இது எந்தப் படை, என்ன பதவின்னு கேட்டாருன்னா நீயே பதில் சொல்லிக்க. என் பேரை மட்டும் இழுக்காத.